அலாய் வீலுக்கு டயர் தேடிய கதை: ஒரு ஹோண்டா சிட்டியின் நிகழ்வு ஆய்வு

கார் 2015ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி, பெட்ரோல். ஆலையிலிருந்து 175/65 ஆர்15 டயருடன் வந்தது: அகலம் 175 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். கோவைக்காரரான உரிமையாளர் 16 அங்குல அலாய் வீல் செட் ஒன்றைப் பழையதாக வாங்கி, அருகிலிருந்த டயர் கடையில் 205/55 ஆர்16 புது டயர்களைப் போட்டு மாட்டியிருந்தார். பார்க்கக் கார் எடுப்பாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஓட்டினால்தான் கதை. பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் "சர்ர்" என்று உரசல். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன்பக்கமும் அதே சத்தம். அவிநாசி சாலையில் எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுக்கம். மைலேஜ் வேறு 17இலிருந்து 15.5க்கு இறங்கிவிட்டது என்றார். டயர் கடைக்காரர் இரண்டு முறை பேலன்ஸிங் செய்து கொடுத்திருக்கிறார். மெஷின் பூஜ்யம் காட்டியது, நடுக்கம் போகவில்லை. உரசலுக்கு அவர் சொன்ன வைத்தியம், மட்கார்டின் உள்விளிம்பைத் தட்டி மடக்கிவிடலாம் என்பது. அதற்கு மனம் ஒப்பாமல்தான் உரிமையாளர் காரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

இந்த அளவை ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: கடையில் அது இருந்தது. அதில் வியப்பில்லை. 205/55 ஆர்16 உலகம் முழுவதும் ஓடும் அளவு. ஆக்டேவியா, ஜெட்டா போன்ற நடுத்தர செடான்களுக்கென்று எந்தப் பெரிய கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்குபவர் ரிம்மின் விட்டத்தை மட்டும் சொல்கிறார். விற்பவர் அந்த விட்டத்தில் கையிருப்பு என்னவென்று பார்க்கிறார். பாதித் தவறு அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தக் காரில் டயர் இரண்டாவது குற்றவாளிதான். முதல் குற்றவாளி ரிம்.

சக்கரத்தைக் கழற்றியதும் தெரிந்தவை

முதலில் நடுக்கத்தைப் பார்த்தோம், ஏனென்றால் ஆபத்து அதில்தான் அதிகம். ரிம்மின் உட்புறத்தில் வார்த்திருந்த எழுத்துகளைத் துடைத்துப் படித்தால் 16 x 7ஜே, ஈடி38 என்று இருந்தது, அதாவது விட்டம் 16 அங்குலம், அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் 38 மி.மீ. எட்டு துளைகள்: 100 மி.மீ. வட்டத்தில் நான்கு, 108 மி.மீ. வட்டத்தில் நான்கு. சிட்டிக்கு வேண்டியது 4 x 100. அது பொருந்தியது. பிசிடி, அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், சரியாக இருப்பதை மட்டும் பார்த்து வாங்குபவர்களே அதிகம். அதிலும் கவனம் தேவை: ஃபியட்டின் பழைய கார்கள் சிலவற்றுக்கு 98 மி.மீ., அந்தச் சக்கரத்தைக்கூட 100 மி.மீ. ஹப்பில் (காரில் சக்கரம் பதிந்து நிற்கும் பகுதி) முறுக்கி உட்கார வைத்துவிடும் கைகாரர்கள் உண்டு. போல்ட் வளைந்த நிலையில் ஓடும் சக்கரம் அது.

இங்கே சிக்கல் நடுத்துளையில். சிட்டியின் ஹப் விட்டம் 56.1 மி.மீ. ஆலை ரிம்மின் நடுத்துளையும் அதே அளவு. ஹப்பில் வழுக்கிப் போய் இறுக்கமாக உட்காரும். சந்தை ரிம்களை ஒரே அச்சில் பல கார்களுக்கும் சேர்த்து வார்க்கிறார்கள், ஆகவே நடுத்துளையைப் பெரிதாக விடுகிறார்கள். இந்த ரிம்மில் 73.1 மி.மீ. சுற்றிலும் 8.5 மி.மீ. வெற்றிடம். அதை நிரப்ப ஹப் வளையம் என்று ஒரு சிறு பொருள் விற்கிறது, வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 56.1. கெட்டி பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் கிடைக்கும். ரிம்மின் விலையோடு ஒப்பிட்டால் அற்பக் காசு. நான்கில் ஒன்றில்கூட அது இல்லை.

வளையம் இல்லாவிட்டால் சக்கரத்தை மையப்படுத்தும் வேலை முழுவதும் நட்டின் தலையில் விழுகிறது. கூம்பு வடிவ நட், கூம்பு வடிவ இருக்கை என்று இருந்தால் அந்த வேலையை ஓரளவு செய்துவிடும். இந்தக் காரில் அதுவும் இல்லை. ஹோண்டாவின் ஆலை நட்டுக்கு உட்காரும் முகம் கோள வடிவம். பந்தின் ஒரு துண்டை வெட்டி வைத்ததுபோல் இருக்கும். சந்தை ரிம்களின் துளை பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. டயர் கடையில் பழைய நட்டுகளையே திரும்ப மாட்டியிருந்தார்கள். மரை ஒன்றுதான், 12 x 1.5, ஆகவே சுகமாக ஏறிவிடும், இறுகிவிட்டதுபோலவும் இருக்கும்.

நட்டைக் கழற்றித் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். கூம்பின் முகம் முழுவதும் பளபளத்திருக்க வேண்டும். பளபளத்ததோ நகக்கீறல் அகலத்தில் ஒரே ஒரு வட்டக்கோடு. அந்தக் கோட்டைச் சுற்றி அலுமினியம் நசுங்கிக் கருப்புத் தூளாக ஒட்டியிருந்தது. அதாவது ஒரு டன்னுக்கு மேற்பட்ட கார் அந்த மெல்லிய கோடுகளை நம்பி நின்றிருக்கிறது. பின் இடது சக்கரத்தில் இரண்டு நட்டுகள் ஸ்பானருக்கு எதிர்ப்பே காட்டாமல் கழன்று வந்தன. உரசலும் மைலேஜும் எரிச்சல். இது உயிர் சமாச்சாரம்.

பேலன்ஸிங் மெஷின் ஏன் பூஜ்யம் காட்டியது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. மெஷின் சக்கரத்தைப் பிடிப்பது நடுத்துளை வழியாக, கூம்பு வைத்து. காரில் சக்கரம் நிற்பதோ நட்டுகளின் தயவில். இரண்டின் மையமும் வெவ்வேறு. காரிலேயே வைத்துச் சுற்றி, சிறு ஆட்டத்தையும் அளக்கும் டயல் கேஜை ரிம்மின் விளிம்பில் வைத்தபோது முள் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆடியது. நூறு முறை ஈயம் ஒட்டினாலும் இது தீராது. 56.1 வளையத்தையும் கூம்பு நட்டையும் போட்டு, 108 நியூட்டன் மீட்டரில் டார்க் ரெஞ்சால் குறுக்கு முறையில் இறுக்கி ஓட்டிப் பார்த்தோம். நடுக்கம் அன்றே போய்விட்டது. டயரை நாங்கள் இன்னும் தொடவே இல்லை.

உரசலின் கணக்கு

ஆஃப்செட் என்பது ரிம்மின் அகலத்தில் நடுக்கோடு எங்கே இருக்கிறது, ஹப்பில் பதியும் முகம் எங்கே இருக்கிறது என்ற இடைவெளி. ஈடி எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளும். ஒப்பிட நல்ல அளவுகோல் ஹோண்டாவே தந்திருக்கிறது. 2017இல் இதே தலைமுறை சிட்டியை மேம்படுத்தியபோது உயர் ரகங்களுக்கு 16 அங்குலச் சக்கரம் போட்டார்கள்: 6ஜே அகலம், ஈடி53, டயர் 185/55 ஆர்16.

6 அங்குலத்தில் பாதி 76.2 மி.மீ. அதில் 53ஐக் கழித்தால் ரிம்மின் வெளிவிளிம்பு ஹப் முகத்திலிருந்து 23.2 மி.மீ. வெளியே. இந்தக் காரின் ரிம்மில் 7 அங்குலத்தில் பாதி 88.9, 38ஐக் கழித்தால் 50.9. ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 28 மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது. உட்பக்கமோ, கழிப்பதற்குப் பதில் கூட்டினால், 129.2 என்பது 126.9 ஆகிறது, சஸ்பென்ஷன் பக்கம் 2 மி.மீ. இடம் கூடுதலாகவே கிடைத்திருக்கிறது. ரிம்மை அகலப்படுத்தியதன் முழுச் சுமையும் மட்கார்டின் பக்கம் போய்விட்டது என்று பொருள்.

இதன்மேல் டயர். 175/65 ஆர்15இன் விட்டம்: 175இல் 65 சதவீதம் 113.75, இரண்டு பக்கமும் சேர்த்து 227.5, ரிம்மின் 381ஐக் கூட்டினால் 608.5 மி.மீ. 205/55 ஆர்16இன் விட்டம் 631.9. ஆரத்தில் ஏறத்தாழ 12 மி.மீ. உயரம். வெளியே தள்ளி நிற்கும் சக்கரம், மேலேயும் 12 மி.மீ. உயர்ந்து நின்றால் பின் ஸ்பிரிங் அமுங்கும்போது மட்கார்டின் உதட்டைத் தொடாமல் என்ன செய்யும்? முன்பக்கத்தில் ஸ்டியரிங் ஒடிக்கும்போது டயரின் வெளி மூலை முன்னைவிடப் பெரிய வளைவில் சுழல்கிறது, பம்பரின் உள் பிளாஸ்டிக்கைத் தொடுகிறது. உரசிய இடங்களில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டி, பின் சீட்டிலும் டிக்கியிலும் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி ஓட்டினோம். பின்பக்கக் களிமண் உலோகம் தெரியும்வரை வழித்தெடுக்கப்பட்டிருந்தது. கணக்குப் போடத் தெரியாதவர்களுக்கும் இந்தச் சோதனை கைகொடுக்கும். கணக்குத் தெரிந்தவர்களும் செய்யவேண்டும், ஏனென்றால் ஒரே அளவு எழுதியிருக்கும் டயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் வேறுபடும்.

மைலேஜ் புகாரில் கொஞ்சம் காகிதப் பிழை இருந்தது. டயர் 3.8 சதவீதம் பெரிதானதால் ஒரு சுற்றில் கார் அதிக தூரம் போகிறது; ஓடோமீட்டர் பழைய டயரின் கணக்கிலேயே எண்ணுகிறது. அவர் 15.5 என்று கணக்கிட்டது உண்மையில் 16.1. மீதி இழப்பு அகலமும் எடையும் தின்றது. இதன் மறுபக்கம்தான் கவனிக்கவேண்டியது: முள் 100 என்று காட்டும்போது முன்பு எவ்வளவு வேகம் இருந்ததோ அதைவிட இப்போது கிட்டத்தட்ட 4 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டருக்கான ஐ.நா. விதி எண் 39இன்படி முள் உண்மை வேகத்தைக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக்கூடாது. ஆலைகள் அதனால் சற்றுக் கூட்டியே வைத்துத் தருகின்றன. அந்த ஓரத்தைப் பெரிய டயர் தின்றுவிடுகிறது. விட்டத்தில் 3 சதவீதம்வரை மாறலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மேல்நோக்கி 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது என் கட்சி.

எந்த அளவு?

உரிமையாளர் முதலில் கேட்டது நியாயமான கேள்வி: ரிம்மை வைத்துக்கொண்டு டயரை மட்டும் மாற்றினால் தீருமா?

ஹோண்டாவே போட்ட 185/55 ஆர்16 கண்ணெதிரே இருக்கிறது. விட்டம் 609.9, ஆலை அளவோடு ஒன்றரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஆனால் அந்த டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5 முதல் 6.5 அங்குலம். 7ஜேயில் இழுத்து மாட்டலாம், மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். பக்கச்சுவர் வெளிநோக்கிச் சாய்ந்து, ரிம்மின் உதடு டயருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். நம் ஊர்க் குழிகளில் முதல் அடி ரிம்முக்குத்தான். காருக்குப் பொருந்தும் டயர் ரிம்முக்குப் பொருந்தவில்லை. விட்டத்தை மட்டும் ஒப்பிட்டுத் தரும் செயலிகளை நம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

7ஜேயில் சட்டப்படி உட்காரக்கூடியவை என்று பார்த்தால் 195/50, 195/55, 205/50. இவற்றில் 195/50இன் விட்டம் 601.4, காரின் தரை இடைவெளியை இன்னும் குறைக்கும். வேகத்தடைகளின் நாட்டில் அது எதற்கு? 205/50 காகிதத்தில் அற்புதம்: விட்டம் 611.4, வெறும் அரை சதவீதம் கூடுதல், எடைக் குறியீடு (ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் குறிக்கும் எண்) 87. ஆனால் நம் கடைகளில் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய அளவு; நெடுஞ்சாலையில் ஒரு டயர் வெடித்தால் ஜோடி கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். டயர் தேர்வில் இதையும் ஒரு அளவாகவே நான் வைப்பேன்.

195/55 ஆர்16 தாராளமாகக் கிடைக்கும். பலேனோ, ஐ20 உயர் ரகங்களின் அளவு அது. விட்டம் 620.9, இரண்டு சதவீதம் கூடுதல். இதை 7ஜே, ஈடி38 ரிம்மில் போட்டால் என்ன ஆகும்? 205/55ஐவிட ஆரத்தில் ஐந்தரை மில்லிமீட்டர் குறையும், வெளிப்பக்கம் 5 மி.மீ. உள்ளே வரும். உரசல் குறையும். நின்றுவிடும் என்று என்னால் எழுதித் தர முடியாது. காரணம், ரிம்மின் விளிம்பு இன்னமும் அதே 28 மி.மீ. வெளியே. அதோடு ஸ்டியரிங் அச்சுக்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள இடைவெளி மாறியிருப்பதால் ஒரு பக்கக் குழியில் இறங்கும்போது ஸ்டியரிங்கைப் பிடுங்கும் குணம் அப்படியே இருக்கும். ஹப் பேரிங்கின் மேல் விழும் நெம்புவிசையும் குறையாது. தவறான ஆஃப்செட்டுக்கு டயரில் மருந்து கிடையாது.

மட்கார்டு விளிம்பை மடக்கும் யோசனையை மறுத்ததற்குக் காரணம் நேரடியானது. உள்விளிம்பில் பெயின்ட் விரியும், மழைநீரும் சேறும் அடிக்கும் இடம் அது, துரு அங்கிருந்துதான் ஏறும். கடலோர ஊர்க் கார் என்றால் சொல்லவே வேண்டாம். சக்கரம் தவறு என்பதற்காகக் காரின் உடம்பை அடிப்பது தலைகீழ் வைத்தியம்.

ஆகவே ரிம்மை விற்றுவிடச் சொன்னோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. பணம் போட்டவருக்குப் பிடிக்காதுதான். முடிவை எளிதாக்கியது அந்த ரிம்மே. அதில் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானிய அலாய் வீல் தர முத்திரை இல்லை, ஐஎஸ்ஐ முத்திரை இல்லை, எவ்வளவு எடை தாங்கும் என்ற எண்ணும் இல்லை. ஒரு ரிம்மின் உள் விளிம்பில் பழைய வெல்டிங் தடம் வேறு, பெயின்ட் அடித்து மறைத்திருந்தது. பழைய அலாய் வீல் வாங்குபவர்கள் முன்முகத்தைத்தான் பார்க்கிறார்கள். விரிசல் இருப்பது பின்முகத்தில்.

மாற்றாக எடுத்தது 16 x 6.5ஜே, ஈடி45, 4 x 100. வெளிவிளிம்பு 82.55இல் 45ஐக் கழித்தால் 37.6, ஹோண்டாவின் 16 அங்குல ரிம்மைவிட 14 மி.மீ. வெளியே. உட்பக்கம் 127.6, ஆலையின் 129.2க்குள் அடங்கிவிடுகிறது. இந்த அகலத்தில் 185/55, 195/55 இரண்டுமே உட்காரும். எதை எடுப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. 185/55 ஆலை அளவு, ஸ்பீடோமீட்டர் துல்லியம், ஸ்டியரிங் இலகு. ஆனால் அதன் எடைக் குறியீடு 83, அதாவது டயருக்கு 487 கிலோ. 15 அங்குல ஆலை டயருக்கு இருந்தது 84, 500 கிலோ. ஹோண்டாவே ஏற்ற அளவு என்பதால் இதில் ஆபத்து ஒன்றுமில்லை. 195/55க்கு 87, 545 கிலோ. பக்கச்சுவர் உயரம் 185/55இல் 101.75 மி.மீ., 195/55இல் 107.25. பழைய 15 அங்குல டயரில் அது 113.75 ஆக இருந்தது. இந்தக் கார் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் கார், கிராமச் சாலைகளில் ஓடும் கார். ஐந்தரை மில்லிமீட்டர் ரப்பர் கூடுதலாக இருப்பது ரிம்முக்குக் காப்பு. 195/55 ஆர்16 எடுத்தோம். நகரத்துக்குள்ளேயே ஓடும் கார் என்றால் 185/55ஐப் பரிந்துரைத்திருப்பேன்.

17 அங்குலம் என்ற ஆசையும் நடுவில் எட்டிப் பார்த்தது. 205/45 ஆர்17 விட்டத்தில் 616.3, கணக்குச் சரிதான். பக்கச்சுவர் 92 மி.மீ. மட்டுமே. எடைக் குறியீடு 88 வேண்டுமென்றால் எக்ஸ்எல் என்று எழுதிய கெட்டி டயர் எடுக்கவேண்டும், அந்த எக்ஸ்எல் தன் முழு எடையைத் தாங்குவது 42 பிஎஸ்ஐ காற்றில். பேச்சு அதோடு நின்றது.

மாட்டிய பிறகு

களிமண் சோதனையை மறுபடி செய்தோம். பின் மட்கார்டில் ஒட்டிய உருண்டை முழு பாரத்திலும் தப்பித்தது. முன்பக்கம் முழு ஒடிப்பில் விரல் நுழையும் இடைவெளி. புது ரிம்முக்கும் நடுத்துளை 73.1 என்பதால் முன்பு போட்ட அதே வளையங்களும் கூம்பு நட்டுகளும் இதற்கும் வந்தன. ஏர் கன்னால் இறுதியாக இறுக்கவில்லை. அது எவ்வளவு இறுக்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐம்பது கி.மீ. ஓடியதும் வந்து மறுபடி டார்க் பார்க்கச் சொன்னோம். புது அலுமினியத்தில் நட் கொஞ்சம் பதிந்து இறங்கும். ஒரு நட் கால் சுற்றுக்கும் குறைவாக ஏறியது.

காற்றின் அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடியே போதும், ஏனென்றால் புது டயர் அதே காற்றில் பழைய டயரைவிட அதிகம் தாங்கும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைப் பார்த்து நிரப்பும் பழக்கம் பெட்ரோல் பங்க்குகளில் உண்டு. அது உச்ச வரம்பு, பரிந்துரை அல்ல. ஸ்டியரிங் முன்பைவிடச் சற்றுக் கனம் என்று உரிமையாளர் சொன்னார். உண்மைதான், அது இந்த அகலத்தின் விலை. மைலேஜ் ஓடோமீட்டர் கணக்கில் 16.5 வருகிறது, இரண்டு சதவீதம் சேர்த்துப் படித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். மாற்றிய சக்கரங்களின் பில்லைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிப் பாலிசியில் பதியவும் சொன்னோம். விபத்து நடந்த பிறகு இந்த விவாதத்தைத் தொடங்குவது வீண்.

ஸ்டெப்னி ஒன்று பாக்கி. டிக்கியில் இருப்பது ஆலையின் 15 அங்குல இரும்பு ரிம், 175/65 டயர். புது டயரைவிட 12 மி.மீ. விட்டம் குறைவு. பஞ்சர் கடைவரை மெதுவாகப் போக மட்டும் பயன்படுத்தலாம். முன் சக்கரத்தில் பஞ்சர் என்றால் பின் சக்கரம் ஒன்றை முன்னால் மாற்றி, ஸ்டெப்னியைப் பின்னால் போடுவது, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் எஞ்சின் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கு நல்லது. அந்த இரும்பு ரிம்மின் துளை கோள வடிவம் என்பதால் புதிய கூம்பு நட்டுகள் அதற்கு ஆகாது. எனவே பழைய நட்டுகளில் நல்ல நான்கைப் பொறுக்கி, ஒரு சிறு பையில் போட்டு, ஜாக்கியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம். பையின் மேல் "ஸ்டெப்னிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறது.